பூசணம் பிடிக்காத ரொட்டி

இடலினா ரபோசோவுக்குச் சின்ன வயதிலிருந்தே வயிறு லேசு. பக்கத்தில் யாராவது காறித் துப்பினால் போதும், அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது. ஆனால் அவள் பிறந்ததோ போர்ச்சுகலில் செர்பா என்ற ஊரில், வீடு வீடாகப் போய்ப் பன்றி அறுப்பவரின் வீட்டில். குளிர்காலம் வந்தால் முற்றம் முழுக்கத் தகரத் தொட்டிகளில் ரத்தமும் குடலும் கிடக்கும். குடலைக் கழுவி, உள்ளே வெளியே திருப்பி, பூண்டும் மிளகாய்ப்பொடியும் பிசைந்த கறியை அதில் அடைப்பது பெண்பிள்ளைகள் வேலை. அக்காமார் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வார்கள். இடலினா இரண்டு குடலைத் திருப்புவதற்குள் வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வருவாள். இவளைக் கட்டப்போகிறவன் சமையல் கற்றுக்கொண்டுதான் வரவேண்டும் என்று அக்காமார் கேலி செய்வார்கள்.

சுத்தமான வேலை என்று நம்பித்தான் அவள் ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள். சாக்பீஸ் தூளைவிடப் பெரிய அழுக்கு எதுவும் பள்ளிக்கூடத்தில் இருக்காது என்று நினைத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு பெண்குழந்தை காலையில் குடித்த பால்காப்பியை அவள் மடியிலேயே கக்கியது. அதற்கப்புறம் ஒழுகும் மூக்கு, பேன், நனைந்த கால்சட்டை, மேசைக்கு அடியில் ஒட்டிவைத்த சூயிங்கம், சட்டைப்பையில் ஆசையாகப் பத்திரப்படுத்திய செத்த பல்லி என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. பழகிப் போயிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பழகவே இல்லை. ஒவ்வொரு முறையும் தொண்டைக்குள் ஏதோ மேலே ஏறத்தான் செய்தது.

அவள் பழகிக்கொண்டது ஒன்றே ஒன்று, முகம் சுளிக்காமல் இருப்பது. ஆறு வயதுப் பிள்ளை மண்புழு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டும்போது டீச்சரின் முகம் எப்படிப் போகிறதோ, அப்படித்தான் அந்தப் பிள்ளைக்கும் மண்புழு ஆயுசுக்கும் தெரியும் என்று அவள் கண்டுகொண்டாள். அதனால் அதைக் கையில் வாங்குவாள். தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று கேட்பாள். பிள்ளை சந்தோஷமாகத் தோட்டத்துக்கு ஓடியதும், ஆசிரியர் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கொலோன் வாசனைத் தண்ணீர் தெளித்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு நிற்பாள்.

மூன்றாம் வகுப்பு அவளிடம் இருந்த ஒரு வருஷம், பிள்ளைகள் யாரும் கை கழுவுவதில்லை என்று சாப்பாட்டுக்கூடத்து அம்மாள் வந்து புகார் சொன்னாள். சொல்லிச் சொல்லிப் பார்த்துப் பயனில்லாமல், இடலினா ரொட்டிச் சோதனை ஒன்று செய்யலாம் என்று முடிவு செய்தாள். எங்கும் எல்லா டீச்சர்களும் செய்கிற சோதனைதான். ஒரே ரொட்டியிலிருந்து மூன்று துண்டு. ஒன்றை யாரும் தொடக்கூடாது. ஒன்றை விளையாடிவிட்டு வந்த கையோடு வகுப்பு முழுக்கத் தொட வேண்டும். இன்னொன்றை சோப்புப் போட்டுக் கழுவிய கையால் தொட வேண்டும். மூன்றையும் தனித்தனிப் பையில் கட்டி ஜன்னலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கே அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அலென்டேஜோ என்ற அந்தப் பகுதிக்காரர்கள் ரொட்டி கீழே விழுந்தால் எடுத்து முத்தம் கொடுத்துவிட்டு மேசையில் வைக்கிறவர்கள். வேண்டுமென்றே அழுகவிடுவது பாவம் போலிருந்தது. ஆனாலும் வைத்தாள்.

வந்தது வேறு கதை. சோப்புப் போட்டுக் கழுவிய கை பட்ட ரொட்டிதான் முதலில் பூத்தது. முதலில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி, அப்புறம் பச்சை, அப்புறம் நடுவில் கறுப்பு. அழுக்குக் கை பட்டது ஓரத்தில் லேசாகப் புள்ளி விட்டிருந்தது, அவ்வளவுதான். யாரும் தொடாதது அப்படியே இருந்தது. வகுப்பில் ஒரே கொண்டாட்டம். பெனெடிட்டா என்கிற குட்டிப்பெண் எழுந்து நின்று, முகத்தை ரொம்பப் பொறுப்பாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ கை கழுவாம இருக்குறதுதான் நல்லதா டீச்சர்?"

ஏன் இப்படி ஆகியிருக்கும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றாள் இடலினா. பிள்ளைகள் பைகளைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். விசென்டே என்கிற பையன் மூக்கு பையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, இந்தப் பைக்குள் மட்டும் வேர்த்திருக்கிறது என்றான். அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கையைக் கழுவினார்களே தவிர, யாரும் துடைக்கவில்லை. சொட்டச் சொட்ட வந்துதான் ரொட்டியைத் தொட்டார்கள்.

அதற்கப்புறம் அவர்களை நிறுத்த முடியவில்லை. கழுவித் துடைத்த கையால் ஒன்று, கழுவித் துடைக்காத கையால் ஒன்று, கையே படாமல் கரண்டியால் தண்ணீர் மட்டும் சொட்டி ஒன்று என்று ஜன்னல் முழுக்கப் பைகள் தொங்கின. கையே படாத ஈர ரொட்டி எல்லாவற்றையும்விட மோசமாக அழுகிக் கூழானது. ஒரு பை கசிந்து ஜன்னல் விளிம்பில் மஞ்சளாக ஒழுகியது. அந்த வாடையை இடலினா வீட்டுக்குப் போன பிறகும் தலைமுடியில் மோந்தாள். பூசணத்துக்கு வேண்டியது ஈரம் என்று பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள். அப்படியானால் கை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்டதற்கு, நோய் வராமல் இருக்கத்தான் கழுவுகிறோம், அதை இந்த ரொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்று உள்ளதைச் சொன்னாள். பிள்ளைகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். கையைக் கழுவி, கால்சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு வர ஆரம்பித்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இடலினாவால் ரொட்டியைத் தொட முடியவில்லை. சூப்பில் ஊறிய ரொட்டியைக் கண்டாலே ஜன்னல் விளிம்பு ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தில் ரொட்டி தின்னாத ஆள் என்றால் உடம்புக்குப் பெரிதாக ஏதோ வந்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டரைப் பார்த்துவிடலாமா என்று கணவன் அடெரிட்டோ இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டான்.

ரூய் வலாதாரெஸ் அந்த ஜன்னலைப் பார்க்க வந்தது அப்போதுதான். மாவட்டத்து ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி கொடுக்கிறவன் அவன். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நகம், எலுமிச்சை வாசனை. இத்தனை சுத்தமான ஆண்பிள்ளையை இடலினா பள்ளிக்கூடத்தில் பார்த்ததே இல்லை. பார்த்த உடனே பிடித்துப்போனது. அவனும் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான், பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்டான், நிறையப் படம் எடுத்துக்கொண்டான். ஐரோப்பாவின் பல நாட்டு ஆரம்பப்பள்ளி ஆசிரியர்கள் ஹங்கேரியில் டெப்ரெட்சென் என்ற ஊரில் கூடுகிறார்கள், ஆளுக்கொரு மேசை போட்டு வகுப்பில் செய்ததைக் காட்டிக்கொள்வார்கள், நாம் இரண்டு பேரும் இதைக் கொண்டுபோவோம் என்றான். இடலினா தயங்கினாள். விமானத்தில் ஏறியதில்லை, இங்கிலீஷும் அரைகுறை.

"உங்க பிள்ளைங்க கண்டுபிடிச்சத நீங்கதான் சொல்லணும், டோனா இடலினா. பேச்ச நான் பாத்துக்கிறேன்" என்றான் ரூய், டோனா என்று மரியாதையாகக் கூப்பிட்டு.

அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் போனாள். அழுகிய ரொட்டிகளைக் காயவைத்து, பைமேல் பை போட்டு இறுக்கிக் கட்டி, பழைய பிஸ்கட் டின்னில் அடுக்கிப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தாள். ஒவ்வொரு பையிலும் அதைத் தயார் செய்த பிள்ளையின் பெயர் அந்தப் பிள்ளையின் கையெழுத்திலேயே இருந்தது.

டெப்ரெட்செனில் போய் இறங்கியதும் வரவேற்பு. பெரிய தட்டு நிறைய ரொட்டித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் பன்றிக்கொழுப்பை வெள்ளையாகத் தடவி, மேலே பச்சை வெங்காயம். தட்டு கிட்டே வந்ததும் அப்பாவின் முற்றம் அப்படியே மூக்கில் ஏறியது. மரியாதைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, தூணுக்குப் பின்னால் போய், கையில் கொழுப்பு உருகி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரூய் அதற்குள் பத்துப் பேரிடம் கைகுலுக்கிவிட்டிருந்தான்.

மாணவர் விடுதியில்தான் தங்கல். இடலினாவோடு அறையில் போட்டிருந்தது எஸ்டோனியாக்காரி ஹெல்வேயை. ஆள் நெடுநெடுவென்று உயரம், பேச்சு மெதுவாக, சிரிப்பு அதைவிட மெதுவாக வரும். இரண்டு பேரும் ஓட்டை இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை, விடுதி அடுக்களையில் காப்பியோடு பிஸ்கட்டுக்குத் தடவ ஏதாவது கிடைக்குமா என்று இடலினா குளிர்பெட்டியைத் திறந்தாள். மார்ஜரின் டப்பா ஒன்று இருந்தது. மூடியை எடுத்தாள். உள்ளே மரத்தூளுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள், குளிரில் மந்தமாக, ஆனால் எல்லாமே அசைந்துகொண்டிருந்தன.

"அது வெண்ணெய் இல்ல" என்றாள் பின்னால் நின்ற ஹெல்வே.

தூண்டிலில் மாட்டுகிற ஈப்புழு. பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் பாதியை இருட்டாக்கி, பாதியில் விளக்கு வைத்து, புழு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்களாம். வெதுவெதுப்பில் வைத்தால் கூட்டுப்புழு ஆகிவிடும் என்பதால் குளிரில் வைத்திருக்கிறாள். ஹெல்வே ரொம்ப சாதாரணமாக இதையெல்லாம் விளக்கினாள். இடலினா மூடியைத் திரும்ப ஒழுங்காக அழுத்தி மூடினாள், டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள், எந்தப் பக்கம் போகும் என்று கேட்கவும் கேட்டாள். அப்புறம் நிதானமாகக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஹெல்வே ஒரு கோப்பை தண்ணீரோடு நின்றிருந்தாள்.

"வாந்தி எடுத்தியா?"

"ஆமா."

"மூஞ்சில ஒண்ணுமே தெரியலையே" என்றாள் ஹெல்வே, நிஜமான வியப்போடு.

அன்றைக்கு அரங்கு திறந்தது. உள்ளே நுழைந்ததும் வினிகர் நெடி கண்ணைக் கரித்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வினிகரும் சோடாமாவும் கலந்த பொம்மை எரிமலை பொங்கியது, சிவப்பு நுரை மேசையில் வழிந்து தரைக்கு வந்தது, அதைப் பெரியவர்கள் பிள்ளைகள் மாதிரி கூவிக் கூவிப் படம் எடுத்தார்கள். ஒரு மேசையில் தட்டுத் தட்டாகப் பாலை ஊற்றி, சாயம் சொட்டி, சோப்புத் தொட்டு வண்ணம் ஓடுவதைக் காட்டினார்கள். ஓடி முடித்ததும் பாலை வாளியில் கொட்டினார்கள். மத்தியானத்துக்குள் வாளியில் சாம்பல் நிறத்தில் ஆடை கட்டிவிட்டது. இதில் பிள்ளைகள் என்ன கண்டுபிடிக்கிறார்கள் என்று இடலினா ஒரு மேசையில் கேட்டுப் பார்த்தாள். அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று பதில் வந்தது.

நல்லதும் இல்லாமல் இல்லை. ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஒருவர் ஒரே ஒரு தாளை மடித்து, அதன் மேல் நாணயம் அடுக்கி, எந்த மடிப்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கவைத்தார். அவரிடம் தாளைத் தவிர ஒன்றும் இல்லை. அங்கே ஆளும் இல்லை. இடலினா ரொம்ப நேரம் அங்கே மடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் தன் மேசைக்கு வந்தாள்.

ரூய் மேசையை ஏற்கெனவே அலங்கரித்து முடித்திருந்தான். அடியிலிருந்து விளக்கு எரிகிற மூன்று கண்ணாடிப் பெட்டிகள். முதல் இரண்டில் தும்பைப்பூ மாதிரி வெள்ளை ரொட்டி. மூன்றாவதில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம், ஒரே சீராக, கம்பளி விரித்த மாதிரி. தொடாத ரொட்டி, கழுவிய கை, அழுக்குக் கை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே அழகாக அச்சடித்த, வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ச்சீட்டு: லுர்தஸ், பெனெடிட்டா, விசென்டே.

நம் ரொட்டி எங்கே என்று கேட்டாள். டின் மேசைக்கு அடியில் இருக்கிறது என்றான். பக்கத்தில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைத் திறந்தால் நன்றாக இருக்காது. அப்படியானால் இது எது என்றாள். ரூய் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. சமையல் குறிப்பு சொல்கிறவன் மாதிரி சொன்னான். வெள்ளை இரண்டும் காலையில் கடையில் வாங்கியவை. பூசணம் பிடித்ததை வீட்டிலிருந்து கொண்டுவந்தான். ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, அழுகின ஆரஞ்சுப்பழத்தோடு ஒரே பையில் கட்டிப் போட்டால் இப்படி அருமையாக வரும்.

"கழுவுன கைதான் முதல்ல பூத்துச்சு. அது உங்களுக்குத் தெரியும்" என்றாள் இடலினா.

"தெரியும். ஆனா அத இங்க எப்படிச் சொல்றது? வந்து நிக்கிறவங்க ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டாங்க. பாத்ததும் புரியணும்."

"என்ன புரியணும்?"

"கை கழுவணும்னு. அதுல என்ன பொய் இருக்கு? நீங்க பிள்ளைங்கள கை கழுவ வேணாம்னா சொல்றீங்க?"

 கை கழுவ வேண்டும் என்பது பொய்யில்லைதான். மெய்யைச் சொல்வதற்கு எதற்கு இப்படி ஒரு பொய் ரொட்டி என்று கேட்டிருக்கலாம். அது அவளுக்கு அப்புறம்தான் தோன்றியது. அப்போது தோன்றியதெல்லாம் குமட்டல் மட்டும்தான். அவனுடைய எலுமிச்சை வாசனை அவளுக்கு வினிகரைவிட மோசமாக இருந்தது. சுத்தமான அந்த விரல்கள் பெனெடிட்டாவின் பெயரை நேராக்கி வைப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண் அந்த ரொட்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அன்று முழுக்க இடலினா மேசைக்குப் பின்னால் பேசாமல் நின்றாள். ரூய் நன்றாகப் பேசினான். ஆட்கள் கூடினார்கள், படம் எடுத்தார்கள், எங்கள் பள்ளியிலும் இதைச் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஹெல்வேயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இங்கிலீஷ் போதாத இடத்தில் கையால் காட்டினாள். ஹெல்வே முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள், பிள்ளைகளின் பெயரைப் போட்டிருக்கிறானா என்று. ஆமாம் என்றதும், "பேர எடுத்துரு. காலைல முதல் வேலையா எடுத்துரு" என்றாள்.

காலையில் எடுத்தாள். ரூய் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தான். தோல்பையைத் திறந்து இன்னொரு செட் பெயர்ச்சீட்டை எடுத்து அதே இடத்தில் ஒட்டினான். கூடுதலாக அச்சடித்து வைத்திருந்தான்.

மதியத்துக்கு முன்னால், பரிசுக்குரிய மேசையைத் தேர்ந்தெடுக்கும் குழு வந்தது. நான்கு பேர். அவர்களுக்குத் தலைவர் ஹென்னிங் என்ற டென்மார்க் நாட்டுப் பெரியவர். பின்னாலேயே வேடிக்கை பார்க்க மற்ற நாட்டு ஆசிரியர்களும் வந்தார்கள். ரூய் சொல்லி முடித்ததும், கூட்டத்திலிருந்து கிரீஸ் நாட்டு டீச்சர் ஒருத்தி முன்னால் வந்தாள். கழுத்தில் தொங்கின அட்டையில் ஸ்டமாட்டியா என்று எழுதியிருந்தது. இதே சோதனையைத் தானும் வகுப்பில் செய்ததாகவும், மூன்று ரொட்டியும் ஒரே மாதிரி பூத்துவிட்டதாகவும் சொன்னாள். தனக்குத்தான் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று வெட்கப்பட்டு, பிள்ளைகள் பார்ப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டாளாம்.

"உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும்" என்றான் ரூய். "சுத்தமா செய்யணும், அவ்வளவுதான்."

ஸ்டமாட்டியா தலையாட்டினாள். அவள் முகம் சிவந்துபோனதை இடலினா பார்த்தாள். இந்த வெள்ளை ரொட்டியைப் பார்த்துவிட்டு இன்னும் எத்தனை டீச்சர்கள் தங்கள் வகுப்பில் வந்ததைக் குப்பையில் போடப் போகிறார்கள் என்று நினைத்தபோது, குமட்டல் தொண்டையைத் தாண்டி வந்துவிட்டது.

"இல்ல" என்றாள்.

குனிந்து டின்னை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தாள். பையை அவிழ்த்ததும் கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். இடலினாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் அந்த இடத்தில் வந்தது. "இதுதான் எங்க ரொட்டி. கழுவுன கை. ஈரக் கை. இதுதான் முதல்ல கெட்டுச்சு. அது," என்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள், "கடை ரொட்டி. நேத்து வாங்குனது. எங்க பிள்ளைங்க தொடல." சொல்லும்போது ரூயைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்காக அடக்கி வைத்திருந்த முகம் அப்போது அவள் பேச்சைக் கேட்கவில்லை. உதடு கோணி, மூக்கு சுருங்கி, சாக்கடையில் கால் வைத்தவள் மாதிரி அவனைப் பார்த்தாள்.

ரூய் சிரித்தான். பாவம், பயணக் களைப்பு, கொஞ்சம் பாஷைக் குழப்பம் என்று குழுவினரிடம் சொன்னான். ஹென்னிங் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவாரசியமாக இருக்கிறது, ரொம்பச் சுவாரசியமாக இருக்கிறது என்றார். கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். மற்ற மூவரும் அவர் பின்னாலேயே போனார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. யாராவது கத்தியிருந்தால்கூட இடலினாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போகாமல் நின்றது ஸ்டமாட்டியா மட்டும்தான். டின்னுக்குள் மூக்கை விட்டாள், கண்ணில் தண்ணீர் வர நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். கரண்டியால் எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள், பையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஹெல்வே புழுக்களை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். ஸ்லோவாக்கியாக்காரரும் வந்தார். ரூய் தன் கண்ணாடிப் பெட்டிகளை மேசையின் அந்த ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டான்.

கடைசி நாள் விழாவில், தெளிவாகக் காட்சிப்படுத்தியதற்காகப் போர்ச்சுகல் மேசைக்குச் சிறப்புப் பாராட்டு என்று அறிவித்தார்கள். இருவர் பெயரையும் கூப்பிட்டார்கள். ரூய் மட்டும் மேடையேறினான். இடலினா எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோளைத் தட்டிச் சொன்னார்கள். கைதட்டல் ஓய்கிற வரைக்கும் அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மேடையில் கொடுத்த பூங்கொத்துகளில் அவள் பங்கை ரூய் நீட்டினான். அவள் வாங்காததால் தானே மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச தூரம் போனபிறகு மெதுவாகப் பேச்சுக் கொடுத்தான்.

"உங்களுக்கு எம்மேல கோபம், டோனா இடலினா."

"கோபம் இல்ல. குமட்டுது" என்றாள்.

சொல்லிவிட்டு முன்னிருக்கைப் பையில் இருந்த, வாந்திக்கான காகிதப் பையை எடுத்து விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். லிஸ்பன் வரும்வரை ரூய் இந்தப் பக்கம் திரும்பவில்லை, பூங்கொத்தையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டான்.

வசந்தம் முடிவதற்குள் அந்த மூன்று ரொட்டிகளின் படம் சுவரொட்டியாகி மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. செர்பாவுக்கும் வந்தது. கை கழுவும் தொட்டிக்கு மேலே தலைமையாசிரியை பால்மிரா தன் கையாலேயே ஒட்டினாள். மறுநாள் பெனெடிட்டா வகுப்புக்குள் வந்து இடலினாவின் மேசையருகே நின்றாள்.

"டீச்சர், எம்பேரு போட்ட ரொட்டிய நான் தொடவே இல்ல. என் ரொட்டி நாறிப்போச்சுல்ல?"

"ஆமா. உன்னுது நாறிப்போச்சு" என்றாள் இடலினா.

அந்தப் படம் பொய் என்று பால்மிராவிடம் போய்ச் சொன்னாள். நல்ல செய்திதானே, யாருக்கு என்ன நஷ்டம், உங்கள் பிள்ளைகளின் பெயர் எல்லாப் பள்ளியிலும் தொங்குகிறது, பெருமைப்படாமல் இப்படிப் பேசுகிறீர்களே என்றாள் பால்மிரா. இடலினா அவள் கண்ணெதிரேயே சுவரொட்டியைக் கிழித்து எடுத்தாள். இன்னொன்று ஒட்டினார்கள். அதையும் எடுத்தாள். கடைசியில் மாடி நடைபாதையில், அவள் வகுப்புப் பிள்ளைகள் போகாத இடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அடுத்த வருஷம் ரூய்க்கு எவோரா நகரில் இன்னும் பெரிய பொறுப்பு கிடைத்தது. எங்காவது பார்த்தால் முகம் மலர வணக்கம் சொல்வான். அவளும் பதிலுக்குத் தலையசைப்பாள். அப்புறம் கைக்குட்டையைத் தேடுவாள்.

அவனுடைய பயிற்சிகளுக்கு அவள் அதற்கப்புறம் போகவில்லை. வெளிநாட்டுக்கும் போகவில்லை. ஆனால் ஹெல்வேயும் ஸ்டமாட்டியாவும் விடவில்லை. இரண்டு பேரும் தங்கள் வகுப்புகளில் ரொட்டியைத் தொங்கவிட்டார்கள். செர்பாப் பிள்ளைகள் இடலினாவிடமே நான்காம் வகுப்பு படிக்கும்போது, ஒரு நாள் மூன்று வகுப்பும் கம்ப்யூட்டர் திரையில் ஒன்றாகக் கூடின. பாஷை தெரியாத பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அழுகிய பையைத் தூக்கித் தூக்கிக் காட்டி, கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். ஸ்டமாட்டியாவின் ரொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ முளைத்திருந்தது. ஹெல்வேயின் ரொட்டி மட்டும், ஈரக் கை பட்டதுகூட, பெரிதாகக் கெடவில்லை. செர்பாப் பிள்ளைகளுக்கு அது பொறுக்கவில்லை. கடையில் புதிதாக வாங்கி வைத்து ஏமாற்றுகிறார்களா என்று விசென்டே கேட்டான்.

இடலினா அதை மொழிபெயர்த்துக் கேட்டாள். ஹெல்வே சிரித்துவிட்டு, ரொட்டியைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டினாள். ரை என்கிற தானியத்தில் சுட்ட கன்னங்கரேலென்ற ரொட்டி. அது புளிப்பு ரொட்டி, வாயில் வைத்தால் நாக்கு கூசும் என்றாள். வகுப்பில் சத்தம் கொஞ்சம் அடங்கியது. பெனெடிட்டா யோசித்துவிட்டு, பூசணத்துக்குப் புளிப்புப் பிடிக்காதோ என்றாள். நம் ரொட்டியில் எலுமிச்சைச்சாறு விட்டுப் பார்க்கலாம் என்று ஒருவன் சொன்னான். வினிகரும் விடலாம் என்றாள் இன்னொருத்தி. தயிர் என்றது ஒரு குரல். எல்லோரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இடலினாவுக்கு அது இப்போதே கண்ணில் தெரிந்தது. அழுகின ரொட்டியில் அழுகின தயிர். ஜன்னல் முழுக்க மறுபடியும் பைகள், மறுபடியும் அந்த வாடை, மறுபடியும் ஒரு குளிர்காலம் முழுக்க வெறும் சூப்பு. முகத்தில் ஒன்றும் காட்டாமல், யார் யார் என்னென்ன கொண்டுவருவீர்கள் என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதிப்போட்டாள். மறுநாள் பள்ளிக்கு வரும் வழியில் பேக்கரியில் நின்று, பெரிய ரொட்டியாக ஒன்று பார்த்து வாங்கினாள்.